பக்கத்துக் கட்டில் உறவு

அவள் பெயரை நான் முதலில் கேட்டது என் கல்யாணத்துக்கு மறுநாள். "பல்புவுக்குச் சாப்பாடு எடுத்து வைங்க" என்றார் மாமியார். பல்பு என்பது என் ஓரகத்தியின் தங்கை என்று அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. பல்பு தொழிற்சாலையில் ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்து, கண் சிமிட்டுவதை ஒதுக்கிவைப்பது அவள் வேலை.

அங்கேதான் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்கப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு வெளிநாட்டுப் பெண். சைக்கிளில் ஊர் சுற்ற வந்தவளை லாரி இடித்துவிட்டது. அவள் பேச்சு இவளுக்குப் புரியாது, இவள் பேச்சு அவளுக்குப் புரியாது. ஆனால் அவளுக்கு எஸ்பெராந்தோ தெரியும். எல்லா நாட்டாரும் பேசிக்கொள்ளட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய மொழியாம். சின்னச் சின்னச் சொற்களை ஒட்டிப் புதுச்சொல் செய்துகொள்ளலாமாம். படுத்த படுக்கையில் வேறென்ன வேலை? அவள் கையால் காட்டிக் காட்டிச் சொல்லித்தர, பல்பு பிடித்துக்கொண்டாள். நான் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் இருவரும் கலகலவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான்தான் ஊமை மாதிரி நிற்பேன்.

பல்புவின் கால்கட்டை அவிழ்த்த சமயம், அந்தப் பெண்ணின் காயம் சீழ் பிடித்துத் தனி அறைக்கு மாற்றினார்கள். எதையும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்று ஆயா வந்து சொன்னாள். சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி பல்பு என்னை ஒரே பிடியாகப் பிடித்தாள்.

அறை வாசலில் நர்ஸ் மறித்தாள். "சொந்தக்காரங்க மட்டும்தான் போகலாம். நீங்க என்ன உறவு?"

பல்பு கொஞ்சம் யோசித்தாள். "லித்நைபாரோ."

"அப்படின்னா?"

"லித்துன்னா கட்டில். நைபாரோன்னா பக்கத்து வீட்டுக்காரங்க. ரெண்டையும் ஒட்டிட்டேன்."

"எப்போ ஒட்டினீங்க?"

"இப்பதான். நீங்க கேட்டீங்களே."

"பக்கத்துக் கட்டிலெல்லாம் ஒரு உறவா?"

உறவுமுறை என்று வந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, நானும் இவ அக்காவும் ஓரகத்தி. எங்களுக்குள்ள என்ன ரத்தமா ஓடுது? அண்ணன் தம்பியைக் கட்டிக்கிட்டு ஒரே வீட்டுல வந்து விழுந்தோம். இவங்க ஒரே வார்டுல வந்து விழுந்தாங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "டாக்டர் கேட்டா நீங்களே வந்து சொல்லுங்க. எனக்கு அது வாயில நுழையாது" என்று இரண்டு முகக்கவசங்களை எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே போய் பல்பு அந்தச் சொல்லைச் சொன்னதும் சுவர்ப் பக்கம் கிடந்த முகம் திரும்பியது. அந்தப் பெண் மெதுவாக அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பால் தம்ளருக்குக் கை நீட்டினாள்.

காயம் ஆற நாளாயிற்று, ஆனாலும் ஆறியது. ஊருக்குப் போய்த் தன் எஸ்பெராந்தோ கூட்டாளிகளிடமும் அவள் அந்தச் சொல்லைச் சொன்னாளாம். அது அகராதியில் ஏறியதா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குப் பிறந்த மகளுக்குப் பல்பு பெரியம்மா முறை என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

பல்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். அந்தப் பெண் வரச்சொல்லி எழுத, இப்போது அவள் ஊரில், அவள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள்.