இரண்டாவது பிரசவத்துக்குத் துணை வேண்டாம்

2019 பிப்ரவரிக்குப் பிறகு இசக்கிச்செல்வி பஸ்ஸில் உட்கார்ந்து போனதில்லை. சங்கரன்கோவிலிலிருந்து ராயகிரிக்கு, அம்மா வீட்டுக்குப் போகும்போதும் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். "எடம் கெடக்குல்லா தாயி, உக்காரு" என்பார் கண்டக்டர். "வாந்தி வரும் அண்ணாச்சி" என்பாள். அவளுக்கு வாந்தி வராது. அவசரமாக இறங்க வேண்டி வந்துவிடுமோ என்ற பயம்தான்.

அந்தப் பிப்ரவரியில் மூத்தவள் ப்ரியதர்ஷினி பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டுப் பொறுப்பு. அந்தப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அம்மாவும் இன்னும் மூன்று பேரும் சுற்றி நின்று, "முக்கு, விடாத, முக்கு" என்று கத்தினார்கள். இவளும் உயிரைக் கொடுத்து முக்கினாள். குழந்தையின் தலை ஒரே வேகத்தில் வெளியே வந்தது. பிறப்புறுப்புக்குக் கீழே உள்ள சதை, ஆசனவாய்த் தசை வரைக்கும் கிழிந்துவிட்டது.

தையல் போட்டு அனுப்பினார்கள். அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை வருடம் காற்றையும் அடக்க முடியவில்லை, அவசரத்தையும் அடக்க முடியவில்லை. கல்யாண வீடு, சினிமா என்று ஒவ்வொன்றாக விட்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூர் ஜனமெல்லாம் வந்து தெருவை அடைக்கும். இவள் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொள்வாள். தசை மெல்லத் தேறியது. இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் நின்றுதான் போகிறாள்.

"அங்கன போயி இதயெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத" என்று அம்மா அப்போதே சொல்லியிருந்தாள். மாமியார் சுந்தரம்மாளுக்குத் தெரியாது. கணவன் கோமதிசங்கருக்கும் தெரியாது. அவன் விசைத்தறிச் சேலைகளைக் கொல்லம் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பான். வீட்டின் பின்பக்கம் தறிக்கூடம். பகலெல்லாம் தறி ஓடும். அந்த வீட்டில் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது முறை கர்ப்பமானபோது, அரசு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு செக்கப்புக்கும் சுந்தரம்மாள் கூடவே வந்தாள். மொத பிரசவம் எப்படி என்று யார் கேட்டாலும் பதில் அவளிடமிருந்துதான் வரும்.

"சுகப்பிரசவம் சிஸ்டர். இருமுறதுக்குள்ள பெத்துப் போட்டுட்டா."

அவள் அன்றைக்கு அங்கே இல்லை. குழந்தையைப் பார்க்கப் போனதே மூன்றாம் நாள்தான்.

எட்டாம் மாதம் தொடங்கியபோது சுகிர்தா என்ற நர்ஸ் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்திருந்தாள். வயிற்றைப் பார்க்கத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டபோது சுந்தரம்மாளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"ஆச்சி, புள்ள பெறப் போறது நீங்களா அவளா?"

"ஏன் சிஸ்டர், நான் நாலு பெத்தவ."

"அப்ப களைச்சிருப்பிய. வெளிய பெஞ்சுல உக்காருங்க."

திரை மூடியது. இசக்கிச்செல்வி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சிஸ்டர், எனக்கு மொத தடவ பின்னால வரைக்கும் கிழிஞ்சிருச்சு."

சுகிர்தா கையை எடுத்தாள். "இத ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"எல்லாரும் அத்தைகிட்டதான கேட்டாவ."

அன்றே டாக்டர் பரிசோதித்தார். தசை நன்றாகக் கூடியிருக்கிறது. ஆபரேஷனும் செய்யலாம், சாதாரணப் பிரசவத்துக்கும் முயலலாம். மறுபடி கிழியவே கிழியாது என்று மட்டும் சொல்ல முடியாது என்றார். இசக்கிச்செல்வி சாதாரணப் பிரசவம் போதும் என்றாள். ஆபரேஷன் என்றால் வீட்டில் காரணம் கேட்பார்கள். அதுவும் அந்த முடிவில் இருந்தது.

சுகிர்தா சொல்லிக்கொடுத்தாள். கடைசி வாரங்களில் தினமும் சிறிது நேரம், கையை நன்றாகக் கழுவி, எண்ணெய் தொட்டு, கட்டைவிரலைப் பிறப்புறுப்பின் வாய்க்குள் சற்றே விட்டு அந்தச் சதையைக் கீழாகவும் பக்கவாட்டிலும் மெல்ல அழுத்தி நீவ வேண்டும். சதை இளகிக் கொடுக்கும்.

"மொத புள்ளைக்குத்தான் இதுல பலன் ஜாஸ்தி. உனக்குக் கொஞ்சம்தான் இருக்கும். அன்னிக்கு நாங்க செய்யறதுதான் பெருசு. சூடா துணி ஒத்தடம் கொடுப்போம், தலைய அவசரப்படுத்தாம விடுவோம். நிறுத்துன்னு சொன்னா நீ முக்கக் கூடாது. எண்ணெய் போட வீட்டுக்காரர வேணா ஒத்தாசைக்குக் கூப்பிடு."

"ஞாயித்துக்கிழம அவருக்குக் கறி எடுக்கவே நேரம் பத்தாது சிஸ்டர்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

வீட்டில் தாழ்ப்பாள் உள்ள இடம் குளியலறை ஒன்றுதான். கவிழ்த்த வாளியின் மேல் ஒரு காலை வைத்து, குனிய விடாத வயிற்றைச் சுற்றிக் கையை எட்ட வைக்க வேண்டும். கை வலிக்கும். எரியும். சரியாகத்தான் செய்கிறோமா என்று கேட்க ஆளில்லை.

"ஏட்டி, உள்ள குடியிருக்கியா?" கதவு தட்டப்படும்.

"வாரேன் அத்தே."

"எண்ணெ இப்படிக் கொறயுதே, நீ குடிக்குதியா என்ன?"

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சுந்தரம்மாள் அதற்கென்று ஒரு சேலையே எடுத்து வைத்திருந்தாள். "நான் பக்கத்துல நின்னு ஒரு அதட்டு அதட்டுனா புள்ள தானா வந்துரும்" என்று தெருவெல்லாம் சொன்னாள். அந்த அதட்டலுக்குத்தான் இசக்கிச்செல்வி பயந்தாள். அம்மாவைக் கூப்பிடலாமா என்றால், போன தடவை கத்திய நாலு பேரில் அம்மா முதல் ஆள்.

வலி எடுத்து வந்த அன்று மத்தியானம், துணைக்கு யார் என்று சுகிர்தா கேட்டாள். சுந்தரம்மாள் எழுந்தாள்.

"யாரும் வேண்டாம் சிஸ்டர்" என்றாள் இசக்கிச்செல்வி.

"என்னட்டி சொல்லுத? நான் என்ன அசலா?"

"நீங்க இங்கன இருங்க அத்தே. ப்ரியாவப் பள்ளிக்கூடத்துலருந்து இங்கன கூட்டியாந்தா ஒங்களத் தேடுவா."

சுந்தரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுகிர்தா கீழே வைத்துப் பிடித்தாள், ஆறினால் மாற்றினாள். யாரும் கத்தவில்லை. அந்த அமைதியும் பயமாகத்தான் இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் போலிருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தல தெரியுது. இப்ப முக்காத. காப்பி ஆத்துற மாதிரி ஊது. ஊது."

உடம்பு முழுக்க முக்கு என்றது. அவள் ஊதினாள். சுகிர்தா ஒரு கையால் தலையைத் தாங்கி, மறு கையால் சதைக்கு அணை கொடுத்தாள். தலை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பையன், மூன்று கிலோ.

டாக்டர் வந்து உள்ளேயும் பின்னாலும் விரலால் சோதித்தார். தோலில் சின்னக் கிழிசல், இரண்டு தையல். "தசையில ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

வெளியே சுந்தரம்மாள் கோபத்தை மறந்து சீனி கொடுத்துக்கொண்டிருந்தாள். "சுகப்பிரசவம்! மூத்தவளுக்கு ஆன மாதிரியேதான்!"

கோமதிசங்கர் போனில் வந்தான். "நார்மலா?"

"நார்மல்தான்."

"அப்ப சரி. சாப்டியா?"

சாப்பிட்டதாகச் சொன்னாள். கிழியவில்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதை மனம்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆளான சுகிர்தா டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

தையல் தானாகக் கரைந்துவிடும். ஆறாவது வாரம் டாக்டரிடம் வந்து காட்ட வேண்டும்.