நான்காம் பக்கம்

வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, ஒரு வரி முடிந்ததும் அடுத்ததற்கு இறக்குகிறாள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு வீட்டிலும் கை சும்மா இருப்பதில்லை. இங்கே காகிதம்தான் வேறு. மூட்டுவாத ஆராய்ச்சிக் கட்டுரை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார் என்று முதலில் பார்க்கிறாள். பிறகு எத்தனை பேர், எத்தனை மாதம். மேலே உள்ள சுருக்கத்துக்குக் கடைசியில்தான் வருகிறாள். "அது பொண்ணு வீட்டுக்கு அனுப்புற மாப்பிள்ளை போட்டோ மாதிரி. நல்ல பக்கத்த மட்டும்தான் காட்டும்" என்பாள்.

பதினோரு வருடமாக இவளுக்கும் அந்த வாதம். காலையில் வெந்நீரில் அரைமணி ஊறினால்தான் விரல் பென்சிலைப் பிடிக்கும். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காருவாங்க" என்று அச்சக முதலாளி சொல்லும்போதெல்லாம் உச்சி குளிர்ந்தவள்தான். இப்போது அதைக் கேட்டால் தலை குனிந்துகொள்கிறது.

மாடிவீட்டு அக்காவுக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. போன வருடம் ஒரு கட்டுரை வந்தது. ஏதோ ஒரு வேரின் சாறு வீக்கத்தைப் பாதியாகக் குறைத்தது என்றது சுருக்கம். அன்று வலி தாங்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தது. அத்தோடு மாடிக்கு ஓடினாள். "அக்கா, இனிமே மாத்திரையே வேணாம் போல!"

அக்கா அன்றே மாத்திரையை விட்டாள். இவள் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, தன்னுடையதை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்தில் அக்காவின் வலதுகை விரல்கள் கோணிப்போயின. இனி நிமிராது என்றுவிட்டார் டாக்டர். அதற்குப் பிறகுதான் நான்காம் பக்கத்தைப் புரட்டினாள். நாற்பது எலிகள். மனிதர் ஒருவர்கூட இல்லை. சம்பளத்துக்கு என்றால் முற்றுப்புள்ளிவரை படிப்பவள், அக்காவுக்கு என்றபோது முதல் பத்தியோடு எழுந்துவிட்டாள்.

அக்கா இப்போது மறுபடி மாத்திரை சாப்பிடுகிறாள். டப்பா மூடியைத் திறக்க விரல் வராது. தினமும் மாலை டப்பாவோடு இறங்கி வருவாள், இவள் திறந்து கொடுப்பாள்.

இன்றும் வந்தாள். "புதுசா ஏதாச்சும் வந்திருக்கா? நீ சொன்னா சரியாத்தான்டி இருக்கும்."

அதற்குமேல் இவளால் முடியவில்லை. பீரோவிலிருந்து பழைய கட்டுரையை எடுத்து, நான்காம் பக்கத்தில் ஸ்கேலை வைத்தாள்.

"எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்கக்கா. நான் முழுசாப் படிக்காமயே சொல்லிட்டேன். என் மாத்திரைய நான் நிறுத்தவும் இல்ல."

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவை வாங்க இவள் வழக்கம்போல் கையை நீட்டினாள்.

அக்கா டப்பாவைக் கொடுக்கவில்லை. வாயருகே கொண்டுபோய், மூடியைப் பல்லால் கடித்துத் திருகினாள்.