அப்பாவின் இடது கண்

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் நடந்தது இது. அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்றபின் நாங்கள் புந்தோங்கில் வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். நான் தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அப்பா ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் அவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். எங்களிடம் இருந்ததோ அடையாளக் கார்டுக்காக எப்போதோ எடுத்ததில் மிஞ்சிய ஒரே ஒரு சின்னப் படம். இறப்பைப் பதிந்தபோது கார்டையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சின்னப் படத்தை அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, முதல் நாளே சுவரில் ஒட்டி நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். கண்ணாடி போட்ட படத்துக்கு வைப்பதை வெறும் தாளுக்கு வைக்கிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்தாம் நாள் அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன். எனக்கு எதிலும் அவசரம். குங்குமத்தோடு கொடுத்தால் படத்திலும் அப்படியே விழுந்துவிடுமே என்று கைக்குட்டையை ஈரமாக்கித் துடைத்தேன். முதலில் வரவில்லை. அழுத்தித் துடைத்தேன். குங்குமத்தோடு படத்தின் மேல்தோலும் உரிந்து வந்தது. இடது புருவமும் கண்ணும் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் தெரிந்தது.

படக்கடை முதலாளி வயதான சீனர்; தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆட்களுக்கே படம் எடுத்துப் பழகியதால் தமிழ் நன்றாகப் பேசுவார். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

“இனிமே தொடாத லா, தங்கச்சி. தொட்டா மிச்சமும் போயிரும்.”

நெகட்டிவ் கிடைத்தால் கவலையில்லை என்றார். அப்போது படம் எடுத்த, கோப்பெங் ஊரில் இருந்த கடைக்கு ஓடினேன். அங்கே இப்போது செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் திரும்பத் தவுக்கேயிடம் வந்து நின்றேன். இதையே படம் பிடித்துப் பெரிதாக்கி, போன கண்ணைப் பென்சிலாலும் தூரிகையாலும் வரைந்து தருவதாகச் சொன்னார். நான் கேட்ட அளவுக்குப் பெரிதாக்கினால் முகமே கலங்கிவிடுமாம்; அதில் பாதிதான் முடியும் என்றார். பிறகு ஒன்று கேட்டார். அப்பாவுக்கு இரண்டு கண்ணும் ஒரே மாதிரியா?

ஆமாம் என்று உடனே தலையாட்டினேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு வா என்றார்.

பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. கண்ணை மூடி அப்பாவை நினைத்துப் பார்த்தேன். குரல் வந்தது, கை வந்தது, அவர் இடுப்பில் கட்டும் சாரோங் வந்தது. கண் மட்டும் வரவில்லை. மரியாதை என்றும் பயம் என்றும் நான் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதே இல்லை. வேறு வழியில்லாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார், அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“எந்தக் கண்ணு போச்சு?”

இடது என்றேன். மறுநாள் காலையில் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பதினாறு கழியாமல் தாலி இழந்தவள் வாசல் தாண்டக் கூடாது என்று அத்தை குறுக்கே நின்றார். அம்மா குரலை உயர்த்தவில்லை.

“அவரு மொகம் இல்லாத படத்துக்கு எதுக்கு மாலை? நான் போய்ட்டு வாரேன்.”

படக்கடையில் அம்மா தவுக்கேயின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் பிறப்பதற்கு முன்பு, ரப்பர் ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் ஆசிட் அப்பாவின் இடது கண்ணோரம் தெறித்ததாம். அதிலிருந்து இமை கொஞ்சம் இறங்கியே இருக்கும். புருவத்து நுனியில் முடி முளைக்காது. தன் இமையை விரலால் இழுத்து, இவ்வளவுதான் என்று காட்டினார். பெரிதாக்கி வைத்திருந்த படத்தில் தவுக்கே வரைவார், அம்மா இல்லை என்று தலையை ஆட்டுவார், அவர் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி வரைவார். மூன்று மணி நேரம் நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அம்மா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். தவுக்கே பென்சிலை வைத்துவிட்டார்.

காரியத்துக்கு வந்தவர்கள் நேரில் பார்ப்பதுபோலவே இருக்கிறது என்றார்கள். அத்தைகூட அந்தப் படத்தின் முன்னால் நின்று தம்பி, தம்பி என்று அரற்றினார். அந்தப் படத்தில் வலது கண்ணைக் கேமரா பார்த்து வைத்திருந்தது, இடது கண்ணை அம்மா பார்த்து வைத்திருந்தார்; இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த நான் பார்க்கவே இல்லையே என்பது இன்றும் என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை.