காவல்காரனிடம் சொன்ன பெயர்

மழை விட்ட மறுநாள் அந்த இடிந்த கோட்டையின் கல்லில் கன்னத்தை வைத்தால் ஐஸ் போலக் குளிரும். வௌவால் எச்சமும் ஈரப்பாசியும் கலந்த வீச்சம் மூக்கில் ஏறும். கொல்லிமலையில், குண்டூர் நாடு என்னும் பகுதியில், எங்கள் மரவள்ளிக் காட்டுக்கு மேலே இருந்தது அது. யார் கட்டியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதன் வாசலில் செத்துப்போன காவல்காரன் இன்னமும் நிற்கிறான் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். “உள்ளார போயி ஆரு பேரையும் சொல்லாதீங்க சாமி. அவன் காதுல வுழுந்துச்சுன்னா ஆயுசுக்கும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருப்பான்” என்பார் அப்பா.

எனக்கு ஒன்பது வயது, தங்கம்மா அக்காவுக்குப் பன்னிரண்டு. ஒரு விடுமுறை நாளில் மாடு மேய்க்கப் போன நான் கொய்யா மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த நேரத்தில், கன்று போட நாள் நெருங்கியிருந்த எங்கள் பசு மயிலி காணாமல் போய்விட்டது. குளம்படி நேராகக் கோட்டைக்குள் போயிருந்தது. கரடி நடமாடும் இடம். பொழுது சாய்வதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் தாயும் போகும், வயிற்றில் இருப்பதும் போகும். அப்பாவும் அம்மாவும் முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கியிருந்தார்கள். அழுதுகொண்டே ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன்.

கோட்டைக்குள் ஆளுயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர் மண்டிக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. மயிலியோ பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் குரல் கொடுக்கும். “ஏய், ஓய்” என்று கத்திப் பார்த்தோம், பதில் இல்லை.

அக்கா வாசல் கல்லுக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றாள். ஆபீசரிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னாள்: “ஏனுங்க காவக்காரரே, நான் தங்கம்மாங்க. எங்க மாடு உள்ளார வந்துருச்சு, அதும் பேரு மயிலிங்க. கூப்புடறதுன்னா என்னையக் கூப்புடுங்க, மாட்ட வுட்டுருங்க. செனையா இருக்குதுங்க.” பிறகு என்னை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, “இவன் சின்னப் பையனுங்க. இவம் பேரு உங்களுக்கு வேண்டாமுங்க” என்றாள்.

அடுத்து அவள் “மயிலீ!” என்று கத்திய கத்தில் வௌவால்கள் கலைந்து பறந்தன. மூலைச் சுவருக்கு அந்தப்புறமிருந்து “ம்மா” என்று கேட்டது. சரிந்த கற்களுக்கு நடுவே பின்னங்கால் சிக்கி நின்றது மயிலி. இருவரும் கல்லைப் புரட்டி விடுவித்து, பொழுதோடு வீடு சேர்ந்தோம். நாலாம் நாள் கிடாரிக் கன்று பிறந்தது.

அப்பா அக்காவைத் திட்டவில்லை. அந்த மாதம் முழுக்க அவளை ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, “பாப்பா” என்றே கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்போதுதான் பேர் சொல்லி வரும் குரல் காவல்காரனுடையது என்று அவளுக்குத் தெரியுமாம், பதில் கொடுக்காமல் இருந்துவிடலாமாம். பள்ளிக்கூடத்தை அவர் மறந்துவிட்டார். சமவெளியிலிருந்து வந்த டீச்சர் வருகைப் பதிவில் “தங்கம்மா” என்றதும் அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். “எதிர்ல உக்காந்திருக்கிற புள்ளைக்கே ஆப்சென்ட் போட வெக்கிறியேம்மா!” என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்று அந்த வாசல் கல் இல்லை, ஒரு பெருமழையில் சரிந்து போனது. உண்ணிச்செடியை வெட்டி மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார்கள். பேரைச் சொல்லாதே என்று தடுக்கவும் ஆளில்லை. போன வாரம் என் பிள்ளைகள் அங்கே தங்கள் பெயர்களைக் கத்திக் கத்தி விளையாடினார்கள். நான் இந்தக் கதையைச் சொன்னதும் மகள், “பேயே இல்லாத எடத்துல பேரச் சொல்றதுல என்னப்பா தைரியம்?” என்று கேட்டாள். அக்காவுக்கே போன் போட்டுக் கொடுத்தேன்.

“அன்னிக்கு அவன் இருந்தான் கண்ணு” என்றாள் அக்கா. “எனக்கும் பயந்தான். உங்கப்பன் அழுதுக்கிட்டு நின்னானே, வேற என்னத்தப் பண்றது?”