கால் பாதி, கை பாதி

எங்கள் மாமாவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. மிக்ஸி ரிப்பேர் என்றாலும் வெல்டிங் மிஷினைத்தான் தேடுவார். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவை ஒரு விஷக்காய்ச்சல் படுக்கவைத்து, இரண்டு கால்களையும் துவளப் போட்டுவிட்டது. அம்மாவின் தம்பி சும்மா இருப்பாரா? பழைய சைக்கிள்கள் இரண்டை அறுத்து ஒரு மூன்று சக்கர வண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

வண்டியா அது! சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். நெஞ்சுக்கு நேரே இரண்டு கைப்பிடிகள். அவற்றைத் தள்ளி இழுத்தால் பெடலும் கூடவே சுற்றும். அப்பாவின் பாதங்களைப் பெடலோடு வாரால் கட்டிவிட்டார்.

"கால் பாதி, கை பாதி, மாமா. காலு தேறத் தேற கையை விட்டுடலாம்" என்று அப்பாவிடம் சொன்னார்.

கோலார் டாக்டர் 'பார்க்கலாம்' என்றதைவிட இது எங்களுக்குத் தெம்பாக இருந்தது. அம்மா மாலைதோறும் எண்ணெயைச் சூடாக்கி அப்பாவின் கால்களைத் தேய்த்துவிடுவாள்.

அப்பா லைன் வீடுகளைச் சுற்றி ஓட்டினார். முழங்கால்கள் ஏறி ஏறி இறங்கின. "அப்பாவுக்குக் காலு வந்துடுச்சு" என்று நான் வீட்டுக்கு வீடு தண்டோரா போட்டேன். எங்கள் சர்ச்சில் நல்லது நடந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. எழுந்து சாட்சி சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்டே விட்டார்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "என் வீட்டுக்காரர் கால்ல கர்த்தர் பலத்தை வச்சாரு" என்றாள். சபையே அல்லேலூயா என்றது. அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்திருந்தது.

திரும்பும் வழியில், தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கத்து ஏற்றத்தில், அம்மா பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மாமா வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"மாமா, காலு மிதிக்கவே இல்ல. அந்த பாரத்தையும் சேத்துக் கைதான் இழுக்குது. இன்னாத்துக்கு இந்த அவஸ்தை? பெடலைக் கழட்டிடறேன், லேசா இருக்கும்."

"வேணாம் மச்சான். அவ பாத்து சந்தோசப்படுறா. சுத்தட்டும்."

எனக்கு மாமா மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தேறி வருகிற காலிடமிருந்து பெடலைப் பிடுங்குவதா? அவர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை.

அன்று மாலை அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். வழக்கம்போல் நான் அப்பாவின் லுங்கியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கினேன். அம்மா அதை இழுத்து மூடினாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, அப்பாவின் தோள்களில் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கர்த்தர் கால்லதானே பலம் வச்சாரு? தோளை இன்னாத்துக்கும்மா தேய்க்கிற?" என்று கேட்டேன்.

அம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெயை அள்ளி மறு தோளில் வைத்தாள். பெரியவர்களுக்கே பதில் தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்ட பெருமையோடு நான் விளையாடப் போய்விட்டேன்.