நாலு அறையில் நாலு பெண்கள்

தெலுங்குச் சீமையில், சனத்நகரில் இருந்த மத்திய அரசு ஆலை ஒன்றின் மருந்தகத்தில் நான் நர்ஸாக இருந்தேன். எழுபதுகளில் ஒரு வருடம், ஆதிலாபாத் காட்டுப் பக்கமிருந்து நான்கு கோண்டு இனப் பெண்களை அரசுத் திட்டம் ஒன்றில் பயிற்சிக்குக் கூட்டி வந்தார்கள். செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் வேலை. சோப்பு, தலைக்கு எண்ணெய், சீருடை, போர்வை எல்லாம் கொடுத்தார்கள். அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சில மாதங்களில் அவர்களில் சின்னவள் பேச்சை நிறுத்தினாள். பிறகு சோற்றை நிறுத்தினாள். வேலை நேரத்தில் மயங்கி விழுந்தவளை மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள். ரத்தத்தில் கோளாறு இல்லை, காய்ச்சல் இல்லை. டாக்டர் சத்து ஊசி எழுதினார், அப்புறம் தூக்க மாத்திரை. அப்புறம் அவருக்கும் எழுத ஒன்றும் இல்லை.

"மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம் சிஸ்டர். அவங்க பாத்துக்கட்டும்" என்றார்.

என்னத்தைப் பார்ப்பார்கள்? அவளுக்குத் தெரிந்தது கோண்டி மொழி மட்டும். அங்கே அவளிடம் யார் பேசுவது? சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது. அவளைத் தனியாக வேனில் ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

மாற்றுத் துணி எடுக்க விடுதிக்குப் போனேன். அவள் அறையில் இருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி, "நக்கோ, வேணாம் சிஸ்டர், அவள திரும்ப இங்க கொண்டு வராதீங்க. அழுதுட்டே இருக்கா" என்றாள். மற்ற மூன்று பேரும் எங்கே என்று கேட்டேன். ஆளுக்கொரு அறையாம். சாப்பாட்டுக் கூடத்தில்கூட நாலு பேரும் ஒரே மேஜையில் உட்காரக்கூடாதாம். நலத்துறை அதிகாரியின் உத்தரவு.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். நேரே அவர் அறைக்குப் போனேன். அவரும் தமிழர், மாம்பலம்காரர்.

"ஒண்ணா விட்டா ஒட்டிண்டே இருப்பா சிஸ்டர். தெலுங்கு எப்பக் கத்துக்கறது? நாலு பேரோட எப்பப் பழகறது?"

"நீங்க இங்க வந்து எத்தினி வருஷம் சார்?"

"பன்னெண்டு. ஏன்?"

"சாயங்காலம் யாரோட சீட்டாடறீங்க?"

அவர் மேஜைமேல் இருந்த ஃபைலைப் புரட்டினார். காலனிக்கே தெரியும்.

"நம்மாளுங்களோடதானே? உங்கள யாராச்சும் பிரிச்சி வச்சாங்களா?"

"இது கவர்மென்ட் ஸ்கீம்மா. மேலேர்ந்து கேப்பா."

"கேட்டா நர்ஸு பைத்தியம்னு சொல்லுங்க. என்னையும் அவளோட சேத்து வேன்ல ஏத்திடுங்க."

சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தன் வீட்டிலிருந்து ஹார்லிக்ஸ் கொண்டுவந்து கொடுத்தவர்தான். நல்லது செய்வதாக நினைத்தே இந்தக் காரியத்தையும் செய்திருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஆனாலும் அன்றே விடுதியில் ஒரு பெரிய அறையை ஒழித்துக் கொடுத்தார்.

மூன்று பேரும் அவளை அழைத்துப்போக மருந்தகத்துக்கு வந்தார்கள். மூத்தவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, சின்னவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சிக்குப் பிடித்த முடியை விரலால் பிரிக்க ஆரம்பித்தாள். மற்ற இருவரும் தரையில் உட்கார்ந்து எதற்கோ சண்டை போட்டார்கள். யாரும் அவளை விசாரிக்கவில்லை, சாப்பிடு என்று சொல்லவில்லை. நான் ஓரமாக ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்துச் சின்னவள் ஏதோ முணுமுணுத்தாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன். மூத்தவள் தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னாள். "உன் மேல பினாயில் நாத்தம் அடிக்குதாம், அக்கா."

திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சின்னவள் மூத்தவளின் தட்டிலிருந்து கொஞ்சம் சாப்பிட்டாள். ஆனால் ஜன்னலையே பார்த்தாள். மூத்தவளை வைத்துக் கேட்டேன், இருக்கிறாயா, போகிறாயா என்று. ஊருக்குப் போகணும் என்றாள். மற்ற மூவரும், நாங்கள் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள்.

"நாலும் திரும்பி வராது, பாருங்கோ" என்றார் அதிகாரி. சொல்லிக்கொண்டே நாலு பேருக்கும் விடுப்பும் பஸ் செலவும் கொடுத்தார். நான் பஸ் நிலையம் வரை போனேன். சின்னவள் ஏறுமுன் என் புடவையை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

"பேசறாளா?" என்றேன்.

"எங்களத்தான் பேச விடமாட்டேங்கறா" என்றாள் மூத்தவள்.

அதிகாரிக்கு முகம் தொங்கிவிட்டது. "ஒருத்தி குறைஞ்சுட்டாளே சிஸ்டர்."

"எங்க சார் குறைஞ்சா? பொழச்சிருக்கா."

அடுத்த தடவை ஆறு பேர் வருவதாகத் தகவல் வந்ததும் அவரே மருந்தகத்துக்கு வந்து கேட்டார்: "ஒரே ரூம்ல ஆறு கட்டில் கொள்ளுமா?"

"கொள்ளலன்னா கட்டில வெளிய போடுங்க. பொண்ணுங்கள உள்ள போடுங்க" என்றேன்.