ஜமீலா டீச்சர் அவிழ்த்துவிடச் சொன்ன கைகள்

ஜமீலா டீச்சர் காலமாகிவிட்டார் என்று போனில் சொன்னவரிடம், யார் சொன்னது, எப்போது, எந்த ஆஸ்பத்திரி என்று மூன்று கேள்விகள் கேட்டேன். அப்போதும் நம்பாமல் பேகம்பூரில் இருக்கும் அவர் வீட்டுக்கே போன் போட்டேன். மகன் எடுத்தார். "ஆமா சார், அம்மா காலையில மவுத்தாயிட்டாங்க. நீங்க கூப்பிட்டு விசாரிப்பீங்கன்னு தெரியும்," என்றார். அந்த வீட்டில் என் சந்தேகபுத்தி அவ்வளவு பிரசித்தம்.

தொண்ணூறுகளில் எரியோடு பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் அறிவியல், நான் கணக்கு. திண்டுக்கல்லிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வருவோம். அவரை அறிந்த நீங்களெல்லாம் இன்று அவரைப் புகழ்கிறீர்கள். நான் அவரைச் சந்தேகப்பட்டவன். அதை மறைத்து எழுதினால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

அவர் வகுப்பில் ஒருவன் சத்தம் போட்டு வாசிப்பான். இரண்டு பேர் தரையில் சாக்பீஸால் படம் போடுவார்கள். ஒருத்தி காம்பவுண்டுச் சுவரோரம் நடந்துகொண்டே முணுமுணுப்பாள். பாடம் நடத்தச் சோம்பல்பட்டு இப்படி அவிழ்த்துவிட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கேட்டபோது, "ஒரே பாடத்த நாலு விதமாப் படிச்சுப் பாக்கச் சொல்லிருக்கேன் சார். எது மனசுல ஒட்டுதுன்னு அவங்களே வந்து சொல்லணும்," என்றார். பதில் எனக்கு ரொம்ப வழவழப்பாகப் பட்டது.

அரையாண்டு அறிவியல் தேர்வுக்கு நான் மேற்பார்வை. பத்தாம் வகுப்பு செல்வியின் விரல்கள் எழுதாத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருந்தன. டெஸ்க் மேல் கோடு, காற்றில் வளைவு. பக்கத்திலிருப்பவளுக்கு ஜாடை காட்டுகிறாளோ என்று உள்ளங்கையைப் பார்த்தேன், ஜாமெட்ரி பாக்ஸைக் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கிடைக்காததே என் சந்தேகத்தைக் கூட்டியது. எப்போதும் பதினைந்தைத் தாண்டாத அந்தப் பெண் எழுபத்தொன்று வாங்கியதும், அவள் காப்பி அடித்தாள் என்று தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். கேள்விகளை ஜமீலா டீச்சரே சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன்.

செல்வியின் அப்பாவை வரச் சொன்னார்கள். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். "காப்பியடிச்சுத்தான் பாசாகணும்னா எதுக்கு சார் படிப்பு? பொங்கல் கழிச்சு மில்லுல சேத்து விட்டுர்றேன்," என்றார். வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லுக்கு அவள் தெருவிலிருந்து ஏற்கனவே நாலு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் அறையில் நான்தான் கேள்வி கேட்டேன். "கையக் கட்டிக்கிட்டு நில்லு. இதயத்துல ரத்தம் போற வழியச் சொல்லு." பதில் சொல்லும் பிள்ளை கை கட்டித்தான் நிற்க வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் சட்டம் மாதிரி. செல்வி கையைக் கட்டிக்கொண்டாள். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அவள் அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளூரச் சந்தோஷம்.

"செத்த நேரம் அவ கைய அவுத்து விடுங்க சார்," என்றார் ஜமீலா டீச்சர். குரலை உயர்த்தவே இல்லை.

செல்வி கையை எடுத்தாள். காற்றில் இதயம் ஒன்றை வரைந்து, நடுவே கோடு இழுத்து, நாலு அறையாகப் பிரித்தாள். விரல் போன வழியிலேயே வார்த்தையும் வந்தது. இரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்பி உடம்பெல்லாம் பாய்கிற வரைக்கும் தடங்கல் இல்லை. இது மட்டும் மனப்பாடமாக இருக்கும் என்று சிறுநீரகத்தைக் கேட்டேன். சொன்னாள். காதைக் கேட்டேன். அதையும் வரைந்து சொன்னாள். நாலாவது கேள்விக்கு நான் புத்தகத்தைப் புரட்டியபோது அவள் அப்பா, "போதும் சார்," என்றார்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். செல்வி மில்லுக்குப் போகவில்லை. ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை நான். சாயங்காலம் பஸ்ஸில் டீச்சர், "என் பேரும் அந்தக் கடுதாசியில இருந்துச்சாமே," என்றார். நான் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தேன். "சந்தேகப்பட்டுப் படிக்கிறதுதான் சார் உங்க வழி. அத விட்டுறாதீங்க. பாடத்து மேல சந்தேகப்படுங்க, பிள்ள மேல படாதீங்க," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில், கண்ணால் படிக்கும் பிள்ளை, காதால் படிக்கும் பிள்ளை என்று எழுதிப் பிள்ளைகள் சட்டையில் குத்திவிடக் கலர் அட்டைகள் கொடுத்தார்கள். டீச்சர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சார் இது, ரேஷன் கார்டா? இன்னைக்குக் கையால படிக்கிற பிள்ள நாளைக்குக் காதாலயும் படிக்கும்ல?" என் சந்தேக வியாதி அவருக்கும் தொற்றிவிட்டதென்று எனக்கு அன்றைக்கு ஒரே குஷி.

நேற்று பேகம்பூர் வீட்டு வாசலில் செல்வியைப் பார்த்தேன். இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைக் கண்டதும் பழைய பழக்கத்தில் கை தானாகக் கட்டிக்கொண்டது. "கையக் கட்டாதம்மா," என்றேன். பிறகு, "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு," என்றேன்.

அவள் கையை இறக்கினாள். "டீச்சர் இருக்கும்போதே இத அவங்ககிட்டயும் சொல்லிருக்கலாமே சார்," என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்தக் கடிதத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. எந்தப் பிள்ளை மேலாவது சந்தேகம் வரும்போதெல்லாம் அதை எடுத்து, அவர் பெயர் இருக்கும் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். ஜமீலா டீச்சரின் நினைவாக என்னிடம் இருப்பது, அவருக்கு எதிராக நான் எழுதிய அந்த ஒரு தாள்தான்.